தீராத குப்பி

குப்பி தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை.

தேவிப்ரியா அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பால் கலந்த தண்ணீர் மாதிரியான மருந்து சரியாகப் பாதி இருந்தது. லேபிளில் அவளே பேனாவால் எழுதிய தேதி: மார்ச் 3. இன்றைக்கு மார்ச் 22. இருபது ஊசி போயாகிவிட்டது.

கணக்கு ரொம்பச் சின்னது. இன்சுலின் குப்பியில் பத்து மில்லி இருக்கும். ஒரு மில்லிக்கு நாற்பது யூனிட் என்றால் மொத்தம் நானூறு. அம்மாவுக்கு முதல் பத்து நாள் தினம் காலையில் இருபது யூனிட். அதில் இருநூறு போயிற்று. அதற்குப் பிறகு டாக்டர் முப்பதாக ஏற்றிவிட்டார். மிச்சம் இருநூறு ஆறு நாளைக்குத் தாங்கும், ஏழாம் நாள் போதாது. ஆக, பதினேழாம் நாளே புதுக் குப்பியை உடைத்திருக்க வேண்டும். இருபதாம் நாளும் பாதி மருந்து அப்படியே நிற்கிறது.

வெயிலில் கெட்டுப்போனாலும் மருந்தின் அளவு அதிகமாகாது. வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. ஈர மணல் போட்ட சின்னப் பானைக்குள் டப்பாவை வைத்து, அதற்குள்தான் குப்பியை வைத்திருந்தார்கள். பானை குளிர்ச்சியாகத்தான் இருந்தது. வேறு குப்பியும் கிடையாது. எப்படிப் பார்த்தாலும் தேவிக்கு ஒரே பதில்தான் வந்தது: ஊசி போடுகிறவள் முழு அளவு போடுவதில்லை.

ஊசி போடுகிறவள் அவள் அண்ணி வள்ளி.

செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டி உள்ளே போகும் சந்தில் அவர்கள் வீடு. மாடியில் இரண்டு அறை. வெளிநாட்டுக்காரர்களுக்கும் வடநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் மாத வாடகைக்கு விடுவார்கள். அம்மா தங்கம்மாள்தான் அந்த அறைகளின் போர்வையையும் தலையணை உறையையும் துவைத்துப் போடுவாள். அண்ணன் மணிவேல் ஆட்டோ ஓட்டினான். வள்ளி டவுன் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு நர்ஸ். தேவி மருந்தாளுநர் டிப்ளமோ படித்து முடித்து, அதே ஆஸ்பத்திரியில் ஐந்நூறு மணி நேரப் பயிற்சியில் இருந்தாள்.

வள்ளி கல்யாணமாகி வந்து நாலு வருஷம். வந்த புதிதிலேயே தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அவளைத்தான் தேடி வந்தார்கள். தேவி வாசலில் நின்றிருந்தாலும், "சிஸ்டர் இல்லியாம்மா?" என்று அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதைக் கண்டுபிடித்தவளும் வள்ளிதான். தினம் காலை ஆறரை மணிக்கு அவள் ஊசியோடு வந்தால் அம்மா குழந்தை மாதிரி கையை நீட்டுவாள். தலை வலிக்கிறதா என்று தேவி கேட்டால் இல்லை என்பாள். வள்ளி கேட்டால் வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டுவாள். அந்த ஆறரை மணியைத் தேவியால் பார்க்க முடியாது. அந்நேரத்துக்கு வேண்டுமென்றே மாடிக்குப் போய்விடுவாள். யாரும் இல்லாத அறையைப் பெருக்கிக்கொண்டிருப்பாள்.

அண்ணன் வேறு, அவள் வெள்ளைக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம், ரெண்டு வருஷம் படித்து மாத்திரை எண்ணக் கற்றுக்கொண்டாய், பத்துக்கு மேலே எண்ண வருமா என்று கேட்பான். வள்ளி சிரிக்க மாட்டாள். அவள் சிரிக்காமல் இருப்பது, சிரிப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஒரே ஒருமுறை தேவியின் கை ஓங்கியது. மாடியில் இருந்த ஹாலந்துக்கார அம்மாவுக்கும் சர்க்கரை. பிப்ரவரி கடைசியில் அவசரமாக ஊருக்குக் கிளம்பியபோது, பிரிக்காத ஊசிப் பெட்டி ஒன்றைத் தேவியிடம் கொடுத்தாள். ஆரஞ்சு மூடி போட்ட, தலைமுடி மாதிரி மெல்லிய ஊசிகள். தேவி அதை அம்மாவிடம் கொண்டுபோய், "மொத்தமே அரை மில்லிதாம்மா புடிக்கும், அதான் இவ்ளோ ஒல்லியா கீது," என்று விளக்கினாள். பழைய குப்பி தீர்ந்து புதுக் குப்பி உடைத்த அன்றைக்கே பழைய சிவப்பு மூடி ஊசிகளும் தீர்ந்தன. அம்மா அந்த வாரம் முழுக்க, துவைத்த போர்வை வாங்க வந்தவர்களிடமும் பால் ஊற்றுகிறவளிடமும், எங்க தேவி கொண்டாந்த ஊசி, குத்துறதே தெரியல என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தேவி அதைக் கேட்பதற்காகவே சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தாள்.

அந்த மாதம்தான் எல்லாம் கெட்டது. துவைக்கிற கல்லிலிருந்து தண்ணீர் நிறைந்த இரும்பு வாளி சரிந்து அம்மாவின் வலது கால் கட்டைவிரலுக்குப் பக்கத்து விரலில் விழுந்தது. காயம் ஆறவில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை நூற்றைம்பதைத் தாண்டாமல் இருந்தது, முந்நூற்றுப் பத்துக்கு ஏறிவிட்டது. டாக்டர் ஊசியை முப்பதாக்கினார், அப்படியும் இறங்கவில்லை. விரல் நுனி கறுக்க ஆரம்பித்தது. மாதக் கடைசித் திங்கட்கிழமைக்குள் சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுத்துவிட வேண்டியதுதான் என்று அறுவை டாக்டர் சொல்லிவிட்டார். வள்ளி அதைக் கேட்டு வந்த அன்றைக்கு, மருந்து கூடி அத்தைக்கு மயக்கம் வந்துட்டா நான்தான பதில் சொல்லணும், எனக்கு பயமா இருக்குது என்று மணிவேலிடம் சொன்னது தேவியின் காதில் விழுந்திருந்தது. இப்போது பாதிக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பேச்சை நினைத்தாள். பயந்துகொண்டு அளவைக் குறைத்துப் போடுகிறாள். எல்லாம் பொருந்தி வந்தது. அம்மாவின் விரலைப் பற்றிய கவலைக்கு நடுவிலும், பொருந்தி வந்ததில் அவளுக்கு ஒரு திருப்தி இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பங்குனி வெயில் மதியத்துக்கு முன்னாலேயே மலைப்பாறையைச் சுட்டு, அந்த அனல் சந்துக்குள் வந்துகொண்டிருந்தது. மணிவேல் கேழ்வரகுக் களியை முருங்கைக்கீரைக் குழம்பில் தொட்டு விழுங்கிக்கொண்டிருந்தான். அம்மா காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். வள்ளி அவளுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். தேவி பானையிலிருந்து குப்பியை எடுத்து வந்தாள்.

"அண்ணி, ஒரு கணக்கு கேக்கலாமா?"

"கேளு."

"அம்மாவுக்கு இன்னிக்கு எத்தனை யூனிட் போட்டீங்க?"

"முப்பது. டாக்டர் எழுதினது அதான."

"தினமும் முப்பதேதானா?"

வள்ளி நிமிர்ந்தாள். "இன்னா கேக்கற தேவி?"

"இந்தக் குப்பி நாலு நாளைக்கு முன்னாடியே காலியாயிருக்கணும். பாதி கீது. மருந்து எங்க போச்சுன்னு நான் கேக்கல அண்ணி. போகவே இல்லியேன்னு கேக்கறேன்."

முதலில் பேசியது அம்மா. "இன்னாடி பேச்சு இது? அவ கை வச்சா எறும்பு கடிச்சாப்பலகூட இருக்காது. அவளப் போயி."

"வலிக்காதது என் ஊசிம்மா. அவங்க கை இல்ல."

"ஊசி உன்னுது. கை அவளுதுதான? ஊசி தானா பறந்து வந்தா குத்துது?"

மணிவேல் கையைக் கழுவிக்கொண்டே, ரெண்டு பேருக்கும் ஒரே ஆஸ்பத்திரிதான், அங்கேயே அடித்துக்கொண்டால் கட்டுப்போடவும் வசதி என்றான். யாரும் சிரிக்கவில்லை. வள்ளி குப்பியை வாங்கி, வெளிச்சத்தில் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று தேவி காத்திருந்தாள். குழப்பம்தான் வந்தது.

"நான் முப்பதுதான் இழுக்கறேன். கோடு பாத்துத்தான் இழுக்கறேன். நோயாளி கிட்ட நான் பொய் சொன்னதில்ல தேவி," என்று சொல்லிவிட்டு, குப்பியைப் பானைக்குள் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு தேவியிடம் நேரடியாகப் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றாலும், அத்தை, தேவிகிட்ட உப்பு கேளுங்க என்றாள்.

ஆஸ்பத்திரியில் அப்போது ஒரு புதுப் பழக்கம் ஆரம்பித்திருந்தது. மருந்துப் பயிற்சிப் பிள்ளைகள் கவுண்டருக்குள்ளேயும், நர்சிங் பிள்ளைகள் வார்டுக்குள்ளேயும், ரத்தப் பரிசோதனை படிக்கிறவர்கள் லேபுக்குள்ளேயும் தனித்தனியாக இருந்துவிட்டுப் போகிறார்கள். ஒருவர் வேலை இன்னொருவருக்குத் தெரிவதில்லை. அதனால் மூன்று வாரம், காலையில் ஒரு மணி நேரம், மூன்று படிப்பிலிருந்தும் ஒவ்வொருவராக மூன்று பேர் சேர்ந்து ஒரு கட்டிலைப் பார்க்க வேண்டும். தலைமை மருந்தாளுநர் பரசுராமன் இதற்கு ஒரு விதி வைத்திருந்தார்: அவரவர் வேலையை அவரவர் செய்யக் கூடாது, மாற்றிச் செய்ய வேண்டும். நர்ஸ் சீட்டைப் படிப்பாள், மருந்துக்காரர் ஊசியில் இழுப்பார், லேப்காரர் அளப்பார். தப்பு வந்தால் அவர் சொல்ல மாட்டார். மூன்று பேரும் பேசிக் கண்டுபிடிக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

தேவியின் கூட்டாளிகள் நர்சிங் படிக்கும் கவிநிலாவும், லேப் படிக்கும் கோபியும். கவிநிலாவுக்கு அவளைவிட இரண்டு வயது குறைவு. இருந்தாலும் வார்டுக்குள் வந்தால் அவள்தான் வீட்டுக்காரி. நோயாளிகள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். தேவியைப் பார்த்து, தண்ணி பாட்டில் எடுத்துக் குடும்மா என்றார்கள். அது வள்ளியின் வார்டு. கோடியில் வள்ளி யாருக்கோ குளுக்கோஸ் பாட்டில் மாற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டே தேவி மூன்றாம் கட்டிலுக்குப் போனாள்.

செவ்வாய்க்கிழமைப் பாடம் இன்சுலின். காலிக் குப்பிகளில் வெறும் தண்ணீர் அடைத்து வைத்திருந்தார்கள். கவிநிலா சீட்டைப் படித்தாள்: இருபது யூனிட். தேவி குப்பியைத் தலைகீழாகப் பிடித்து, சிவப்பு மூடி ஊசியில் இழுத்தாள். காற்றுக்குமிழி வந்தது. விரலால் சுண்டு அக்கா, மேலே போயிடும் என்று கவிநிலா சொன்னாள். சுண்டினாள், போயிற்று. ஊசிக்குழலில் தண்ணீர் சரியாகப் பாதியில், இருபது என்ற கோட்டில் நின்றது.

கோபி அதைத் தன் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் பீச்சச் சொல்லி, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தான். "அர மில்லி."

"இருபது யூனிட்டுங்க," என்றாள் கவிநிலா.

"என் குழாயில யூனிட்டே இல்லையே. அர மில்லிதான் கீது."

"ரெண்டும் ஒண்ணுதான்," என்று தேவி விளக்க ஆரம்பித்தாள். யூனிட் என்பது மருந்தின் பலம், மில்லி என்பது அது பிடிக்கிற இடம். ஒரு மில்லி இடத்தில் நாற்பது யூனிட் பலம் கரைந்திருக்கிறது என்றால், இருபது யூனிட்டுக்கு அரை மில்லி இடம் வேண்டும். கம்மியான இடத்தில் இருபது யூனிட் உட்காரவே முடியாது. எத்தனை கோடு போட்டு வைத்தாலும் முடியாது.

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது. அம்மாவுக்குப் போடுகிற ஊசி மொத்தமே அரை மில்லிதான் பிடிக்கும். அவளே பெருமையாகச் சொன்னது. இருபது போட வேண்டுமென்றால் அதில் விளிம்பு வரைக்கும் நிரப்ப வேண்டும். முப்பது அதற்குள் அடங்கவே அடங்காது. ஆனால் வள்ளி தினமும் முப்பது இழுக்கிறாள். கோட்டைப் பார்த்து இழுக்கிறாள்.

பரசுராமன் கையைக் கட்டியபடி, என்னம்மா நிறுத்திட்டே என்றார். தேவி ஒன்றுமில்லை சார் என்றாள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தப் பெட்டியை எடுத்தாள். ஆரஞ்சு மூடி ஊசி ஒன்றைப் பிரித்துக் கோடுகளை எண்ணினாள். அரை மில்லி இடத்தில் ஐம்பது கோடு. அப்படியென்றால் ஒரு மில்லிக்கு நூறு. பெட்டியின் பக்கவாட்டில் நூறு என்று பெரிதாகவே போட்டிருந்தது. அந்த ஹாலந்துக்கார அம்மாவின் நாட்டில் இன்சுலின் மில்லிக்கு நூறு யூனிட்டாக வருகிறது. அதற்கென்று செய்த ஊசி. நம்மூர்க் குப்பியில் இருப்பது நாற்பது. நூறு கோட்டு ஊசியில் நாற்பது பலமுள்ள மருந்தை இழுத்தால், கோடு இருபது என்று காட்டும். உள்ளே இருப்பது எட்டு. முப்பது என்று காட்டும், உள்ளே பன்னிரண்டுதான். குழல் ஒல்லி என்பதால் மருந்து ஏறத்தாழ அதே உயரத்துக்கு வந்து நிற்கும். பழகிய கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. முதல் பத்து நாளில் இரண்டு மில்லி, அடுத்த பத்து நாளில் மூன்று மில்லி. பாதிக் குப்பி.

அண்ணி ஒரு சொட்டும் குறைத்துப் போடவில்லை. குறைத்தது, பெருமைக்காகத் தான் கொண்டுவந்து கொடுத்த ஊசி.

தேவி வெகுநேரம் அந்தப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். மாடிக் கொடியில் போர்வைகள் காய்ந்து விறைத்துப் படபடத்தன. சாயங்காலம் மருந்துக் கடைக்குப் போய்ச் சிவப்பு மூடி ஊசிகள் வாங்கி வந்தாள். ஆரஞ்சு ஊசிகளைத் தன் டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் போட்டாள். சிவப்பை டப்பாவில் வைத்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நாளையிலிருந்து சர்க்கரை இறங்கும். விரல் தப்பிக்கும். அதோடு, தேவி கேட்ட பிறகுதான் வள்ளி ஒழுங்காகப் போட ஆரம்பித்தாள் என்று வீடு தானாகவே நினைத்துக்கொள்ளும். அப்படி நினைக்கட்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். ஆசைப்படுவது தெரிந்தும் ஆசைப்பட்டாள்.

புதன்கிழமை ஆறரை மணிக்கு அவள் மாடிக்குப் போகவில்லை. சமையலறை வாசலில் நின்றாள். அம்மாவுக்கு இரண்டு நாளாகக் கால் புண்ணால் காய்ச்சல்; முந்தின நாள் அரைத் தட்டுக் களிகூட இறங்கவில்லை. வள்ளி டப்பாவைத் திறந்து, சிவப்பு மூடியைப் பார்த்து ஒரு கணம் நின்றாள். தேவியிடம்தான் பேசுவதில்லையே; எதுவும் கேட்கவில்லை. குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டினாள். ஊசியைச் செருகி இழுத்தாள். பத்து. இருபது. முப்பது. குழலில் முக்கால்வாசிக்கு மருந்து ஏறி நின்றது.

அதைப் பார்த்தபோதுதான் தேவிக்கு மிச்சக் கணக்கு வந்தது. இந்த முப்பது நிஜ முப்பது. நேற்று வரைக்கும் அம்மாவின் உடம்புக்குள் போனது பன்னிரண்டு. நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே நிஜ இருபது போதுமானதாக இருந்தது. இறங்கவில்லை இறங்கவில்லை என்று டாக்டர் ஏற்றிய முப்பது, இல்லாத குறைக்கு ஏற்றியது. சாப்பிடாத வயிற்றில் அது போனால் சர்க்கரை சரசரவென்று இறங்கி, பத்து மணிக்குள் வேர்த்துக் கொட்டி, நினைவு தப்பிவிடும். ஊசியை மட்டும் மாற்ற முடியாது. அளவையும் மாற்ற வேண்டும். அளவை மாற்ற வேண்டுமென்றால் வாயைத் திறக்க வேண்டும்.

வள்ளி அம்மாவின் கைச்சதையைக் கிள்ளிப் பிடித்திருந்தாள்.

"போடாதீங்க அண்ணி."

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டாளா," என்றாள் அம்மா.

"போடாதீங்க. அது நிஜமாவே முப்பது."

வள்ளி ஊசியை மேலே தூக்கினாள். மூன்று நாளைக்குப் பிறகு முதல் முறையாகத் தேவியைப் பார்த்துப் பேசினாள். "பின்ன நேத்து வரைக்கும் போட்டது இன்னா?"

தேவி டிரங்குப் பெட்டியைத் திறந்து ஆரஞ்சு ஊசியை எடுத்து வந்தாள். இரண்டு ஊசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குப்பியையும் வைத்து, செவ்வாய்க்கிழமை கண்டுபிடித்ததை முதலிலிருந்து சொன்னாள். அரை மில்லி, ஐம்பது கோடு, எட்டு, பன்னிரண்டு. நேற்றே தெரியும் என்பதையும் சொன்னாள். ஏன் சொல்லவில்லை என்பதை மட்டும் சொல்ல முடியவில்லை. அது வள்ளிக்குத் தானாகவே புரிந்தது.

வள்ளி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஏழு வருஷமா ஊசி போடறேன். நானும் கோட்டைத்தான் பாத்தேன். எத்தனாம் நம்பர் ஊசின்னு பாக்கல," என்றாள். ஆரஞ்சு ஊசியைக் கையில் எடுத்து, "முத நாளே கை வித்தியாசமா இருந்துச்சு தேவி. இழுக்கறப்ப லேசா இருந்துச்சு. கேக்கலாம்னு வந்தேன். உன் ஊசி, உன் ஊசின்னு அத்தை தெருவெல்லாம் சொல்லிட்டு இருந்தாங்க. நான் ஏதாவது சொன்னா வயித்தெரிச்சல்னு நெனப்பீங்களேன்னு விட்டுட்டேன்."

"வயித்தெரிச்சல் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

தேவிக்கு அதைக் கேட்க நிம்மதியாக இருந்தது. இவளுக்கும் இருக்கிறது. அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "ரெண்டு பேரும் பேசி முடிச்சா சொல்லுங்கடி, பசிக்குது," என்றாள்.

பசிக்கிறது என்று அவள் சொன்னது இரண்டு நாளில் அதுதான் முதல் தடவை. இருந்தாலும் ஊசிக்கு முன்னால் கொடுக்க முடியாது. மணிவேல் ஆட்டோவை எடுத்தான். மூன்று பெண்களும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் இரண்டு ஊசிகளையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதை யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். வள்ளி, "தேவிங்க சார்," என்றாள். அந்த ஊசியைக் கொண்டுவந்தது யார் என்று அவர் கேட்கவில்லை. தேவி தானாகவே, "நான்தான் சார் கொண்டாந்தேன்," என்றாள். முப்பதை அடித்துவிட்டு இருபது என்று எழுதினார். சிவப்பு மூடி ஊசி மட்டும் என்று அதற்குக் கீழே கோடு போட்டார். தினம் இரண்டு வேளை ரத்தம் பார்க்கச் சொன்னார். கோபிதான் வந்து விரலில் குத்தி எடுத்துப் போனான். முந்நூறு இருநூற்று நாற்பதாயிற்று. வெள்ளிக்கிழமை இருநூறு. திங்கட்கிழமை காலை நூற்று எழுபது. அறுவை டாக்டர் கட்டைப் பிரித்து, கறுப்புக்கு ஓரத்தில் சிவப்பாகச் சதை வந்திருப்பதை அழுத்திப் பார்த்தார். இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம், கட்டு மட்டும் மாற்றிக்கொண்டே வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

பால் ஊற்றுகிறவளிடம் அம்மா, வள்ளி கைராசியில விரல் தப்பிச்சுது என்றுதான் சொன்னாள். பழைய ஊசி வலிக்கிறது என்றும் சொன்னாள். தேவி உள்ளிருந்து கேட்டாள். எரிந்தது. ஆனாலும் மறுநாள் ஆறரை மணிக்கு மாடிக்குப் போகவில்லை. கட்டிலுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஊசி போடுவது இப்படித்தான். குப்பி தேவியின் கையில் இருக்கும். மில்லிக்கு எத்தனை என்று லேபிளைப் பார்த்து அவள் வாய்விட்டுப் படிப்பாள்: நாற்பது. ஊசி வள்ளியின் கையில் இருக்கும். எத்தனை நம்பர் ஊசி என்று உறையைப் பார்த்து அவள் வாய்விட்டுப் படிப்பாள்: நாற்பது. இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் மட்டும் மருந்தை இழுக்க வேண்டும். வேறாக இருந்தால் ஊசியைக் கீழே வைத்துவிட வேண்டும்.